கஞ்சி போட்ட முடிச்சு

எங்கள் சாமளாபுரத்துப் பாவடியில் பேசப்படாத சங்கதி என்று ஒன்று கிடையாது. பாவு என்பது தறியில் நெடுக ஓடுகிற நூல். கருக்கலிலேயே அதை வீதி நீளத்துக்கு விரித்து, இரண்டு முனையிலும் கயிறு கட்டி முளையில் இழுத்து, கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டியாக வேண்டும். அந்த இடத்துக்குத்தான் பாவடி என்று பெயர். நாலு வீட்டு ஆட்கள் சேராமல் ஒரு வீட்டுப் பாவு தோயாது. கை அதுபாட்டுக்கு வேலை செய்யும், வாய் அதுபாட்டுக்கு ஊரை மேயும்.

எழுபதாம் வருசம் தை மாசம் அந்த வாய்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பேச்சு. சாமியப்பன் பெண்டாட்டி மாரக்காள் கருத்தடை ஆப்பரேசன் செய்துகொள்ளப் போகிறாளாம். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்தபோது எல்லோரும் வேடிக்கைதான் பார்த்தோம். அது இறங்கி நம் வீதிக்குள்ளேயே நடந்துவரும் என்று யார் நினைத்தது?

"கர்ப்பப்பைய அப்பிடியே எடுத்துருவாங்களாமா," என்றாள் மருதாள். மாரக்காளுக்கு எதிர்வீட்டுக்காரி. கஞ்சியில் கையைவிட்டுக் கலக்கிக்கொண்டே சொன்னாள்: "கோழிக்குக் கொடல உருவறாட்ட."

"பொறவு மாசாமாசம் வாரதும் வராதாமா. அந்தக் கெட்ட ரத்தமெல்லாம் தலைக்கேறிக் கிறுக்குப் புடிச்சுருமாமா," என்றாள் இன்னொருத்தி.

"சேவூர்ல ஒருத்தி பண்ணிக்கிட்டு வந்து பூசணிக்காயாட்ட ஊதிப் போனாளாமா. ஊட்டு வாசப்படில நொழைய முடியலையாமா!"

"நீ பாத்தியா மருதா?"

"நான் எங்க பாத்தேன்? சொன்னாங்க."

யார் சொன்னார்கள் என்று கேட்கக் கூடாது. சேவூரில் போய்க் கேட்டிருந்தால், அது சாமளாபுரத்தில் நடந்தது என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பாவில் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தவள் கண்ணம்மாள். சாமியப்பனின் கூடப்பிறந்த அக்காள். அதே வீதியில் குமாரசாமிக்கு வாக்கப்பட்டு ஏழு பிள்ளை பெற்றவள். மாரக்காளுக்கு அவள் நங்கையா முறை. ஆளைப் பார்த்தால் அதிகாரம், உள்ளே அத்தனையும் பயம். பாவு சுருட்டியதும் நேராகத் தம்பி வீட்டுக்குத்தான் போனாள்.

மாரக்காள் அடுப்படியில் கொள்ளு கடைந்துகொண்டிருந்தாள். மடியில் கைக்குழந்தை.

"ஏந்தாயி, முருகன் குடுக்கறத வேண்டாங்கறதுக்கு நீ யாரு?" என்றாள் கண்ணம்மாள்.

"முருகன் அஞ்சு குடுத்துட்டாருங்க நங்கையா. அந்த அஞ்சுக்கும் ஆத்தா ஒருத்தி வேணும்னு அவருக்குத் தெரியாதுங்களா?"

ஐப்பசியில் நடந்ததைக் கண்ணம்மாளும் கூட இருந்து பார்த்தவள்தான். ஐந்தாவது பிரசவத்தில் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மாரக்காளைப் படுக்கவைத்துத் திருப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் ரத்தத்தில் வைக்கோல் நனைந்துகொண்டே போனது. கண்ணம்மாள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கண்ண மூடாத கண்ணு, கண்ண மூடாத," என்று கதறிக்கொண்டே வந்தாள். மாரக்காளுக்குப் பேச்சு வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "எந்திரிச்சு நடந்தன்னா உனக்குத் தீச்சட்டி ஏந்திப் பூவோடு எடுக்கறேன் மாரியாத்தா," என்று வேண்டிக்கொண்டாளாம். எழுந்தும் விட்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கையைப் பிடித்துச் சொன்னார்: "இன்னொரு பிரசவம் உன் உடம்பு தாங்காதும்மா. அடுத்த தடவை உன்னைக் காப்பாத்திக் குடுப்பேன்னு என்னால சொல்ல முடியாது."

அந்தச் சொல்தான் மாரக்காளைத் தூங்கவிடவில்லை. ஒரு நாள் தறிக்குழிக்குப் பக்கத்தில் போய் நின்று புருசனிடம் நேராகவே கேட்டாள்.

"ஏனுங்க, நீங்க பண்ணிக்கிறீங்களா, நான் பண்ணிக்கட்டுங்களா?"

தறி நின்றது. சாமியப்பன் அப்பாவி. பெண்டாட்டி மேல் உயிராக இருப்பவன். ஆனாலும் அவன் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

"எனக்கா? தறி மிதிக்கிற காலு அம்முணி. அங்க ஒரு நரம்ப வெட்டிட்டாங்கன்னா கால்ல சத்தே போயிருமாமா. குமாரசாமி மச்சான் சொன்னாரு."

"அண்ணனுக்கு யாரு சொன்னாங்களாமா?"

"டீக்கடைல பேசிக்கிட்டாங்களாமா."

"ஓஹோ, டீக்கடைல டாக்டருக இருக்கறாங்களாக்கும்!" என்று சிரித்தாள் மாரக்காள். பிறகு குழிக்கு அருகில் உட்கார்ந்தாள். "சரி உடுங்க. நானே பண்ணிக்கறேன். கையெழுத்துக்கு மட்டும் வாங்க."

"எனக்குப் பயமா இருக்குது மாரக்கா. உன்ற வகுத்தக் கிழிப்பாங்களே."

"எனக்கும் பயந்தானுங்க. ஆனா அந்த வண்டில படுத்திருந்தன் பாருங்க, அந்தப் பயத்துக்கு முன்னால இதெல்லாம் ஒரு பயமா?"

சாமியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மறுவாரம் இரண்டு பேரும் திருப்பூர் பஸ் ஏறினார்கள். குழந்தைகளைக் கண்ணம்மாள்தான் பார்த்துக்கொண்டாள். திட்டிக்கொண்டேதான் பார்த்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா பொறுமைசாலி. மாரக்காள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். "கர்ப்பப்பைய யாரும் தொட மாட்டாங்க. அதுக்கு ரெண்டு பக்கமும் சன்னமா குழாய் இருக்கு. அதுல முடிச்சுப் போட்டு, நடுவுல வெட்டி விட்டுருவாங்க. மாசாமாசம் வர்றது எப்பவும் போல வரும். கொஞ்ச நாளைக்கு மட்டும் கனம் தூக்காதே. ஆறிட்டா நீ எல்லா வேலையும் செய்யலாம்."

மாரக்காள் தையல் பிரித்துக்கொண்டு வீடு திரும்பியதும் வீதிப் பெண்கள் அத்தனை பேரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவளும் ஒளிவுமறைவு இல்லாமல் நர்ஸம்மா சொன்னதை அப்படியே சொன்னாள். அங்கேதான் வினை பிடித்தது. வேறு ஊராக இருந்தால் முடிச்சா, சரி, என்று கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் வீதியில் பிறந்த பிள்ளை பேசப் பழகுவதற்கு முன்னால் முடிச்சுப் போடப் பழகும்.

"என்ன முடிச்சு?" என்றாள் மருதாள் உடனே. "ஒத்த முடிச்சா, ரெட்ட முடிச்சா?"

"ஐயோ, அதை நான் கேக்கலீங்களே. மயக்கத்துல கெடந்தன்."

"நூலு என்ன நம்பரு? நாப்பதா, அறுவதா?"

"என்னமோ நரம்பு நூலுன்னாங்க."

"நரம்பா! அது நழுவுமே," என்று நெஞ்சில் கை வைத்தாள் கண்ணம்மாள். "நம்ம பஞ்சு நூலே இழுவை பட்டா முடிச்சு நழுவுது. இவ குனிஞ்சு நிமுந்தா என்னாவறது? அது அவுந்து, இவ மறுபடியும் உண்டாயி..."

"ஆறிப்போச்சுன்னா முடிச்சே வேண்டாமாமுங்க நங்கையா. தானா மூடிக்குமாமா."

"முடிச்சில்லாம நூலு நிக்குமா? அந்த நர்ஸம்மா என்னிக்குத் தாயி பாவு புடிச்சா?"

அன்றைக்கு ஆரம்பித்தது கண்ணம்மாளின் வைத்தியம். பாவில் போட்ட முடிச்சு எதனால் கல் மாதிரி நிற்கிறது? கஞ்சியால். அப்படியானால் வயிற்றுக்குள் இருக்கிற முடிச்சும் கஞ்சியால்தானே நிற்க வேண்டும்? விடிந்ததும் ஒரு குண்டா நிறையக் கெட்டியான அரிசிக் கஞ்சியோடு வந்துவிடுவாள். மாரக்காள் குடித்து முடிக்கிற வரைக்கும் நகர மாட்டாள்.

"போதுமுங்க நங்கையா, தொண்டை வரைக்கும் வந்துருச்சு."

"குடி தாயி. முடிச்சு நனையோணுமல்ல?"

ஆப்பரேசன் கூடாது என்று குதித்தவளும் இவளேதான். செய்தாகிவிட்ட பிறகு அந்த முடிச்சுக்குக் காவல் இருந்தவளும் இவளேதான். தண்ணீர்க் குடத்தைத் தூக்கவிடவில்லை. பாவுக் கயிற்றைத் தொடவிடவில்லை. பலமாகச் சிரித்தால்கூட, "மெதுவாச் சிரி, இழுவை படும்," என்பாள்.

இரண்டாம் மாசம் மாரக்காள் எப்போதும் போலத் தூரமாகி வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் ஒதுங்கி உட்கார்ந்தாள். மருதாள் அதைத் தன் கண்ணாலேயே வந்து பார்த்துவிட்டுப் போனாள். தலைக்கு ஏறவேண்டிய கெட்ட ரத்தம் ஏறாமல் போனதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் வேறொன்று கிடைத்தது. தினம் ஒரு குண்டா கஞ்சி குடித்தால் சதை பிடிக்காமல் என்ன செய்யும்? மாரக்காளின் கன்னம் உப்பியது. ரவிக்கை இறுகியது.

"பாத்தீங்களா, ஊதறா! நான் சொல்லல? சேவூர்க்காரி கதைதான்!" என்று பாவடி முழுக்கத் தமுக்கடித்தாள் மருதாள்.

மாரக்காளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. உடம்பு தேறிவிட்டது என்று அவளுக்குத் தெரிகிறது. கை துறுதுறுக்கிறது. ஆனால் வீதி அவளை விரிசல் விட்ட பானையைப் போல ஓரமாக எடுத்து வைத்துவிட்டது. வேறு இரண்டு பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் இவளைப் பார்த்து, உயிரோடு வந்தும் ஒன்றுக்கும் ஆகாமல் போய்விட்டாளே என்று வாயை மூடிக்கொண்டார்கள். அதுதான் மாரக்காளைச் சுட்டது.

பங்குனியில் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, சாட்டினார்கள். கோயில் முன்னால் மூன்று கவை விட்ட மரக் கம்பம் நட்டாயிற்று. அம்மனுக்குப் புருசன் அந்தக் கம்பம் என்பது எங்கள் பக்கத்து ஐதீகம். பெண்கள் குளித்து ஈரச் சீலையோடு தினமும் குடம் குடமாக அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மாவிளக்கு அன்றைக்கு வேண்டுதல்காரிகள் மண் சட்டியில் கொழுந்து விட்டெரிகிற நெருப்பைக் கையில் ஏந்திக்கொண்டு கோயிலுக்கு வருவார்கள். அதுதான் பூவோடு.

"இந்த நோம்பிக்கு நான் பூவோடு எடுக்கறேன்," என்றாள் மாரக்காள்.

வீட்டில் இடி விழுந்தது போல ஆயிற்று. சாமியப்பன் அக்காள் முகத்தைப் பார்த்தான். கண்ணம்மாள் எழுந்தே விட்டாள்.

"சட்டி என்ன கனம் தெரியுமா? அந்தச் சூடு வகுத்துல பட்டா போட்ட கஞ்சியெல்லாம் எளகிப் போகும்! அதுவுமில்லாம, அறுத்த ஒடம்போட ஆத்தா முன்னால போய் நிக்கலாமா?"

பேச்சு முற்றிக் கோயிலில் பூசை செய்கிற பண்டாரம் மாரப்பனிடமே போனது. அவர் இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொள்ளாத மனுசன். "ஆத்தாகிட்டயே பூ கேட்டுப் பாத்துறலாம்," என்றார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை.

மாரக்காள் கையெடுத்துக் கும்பிட்டாள். குரல் மட்டும் தணியவில்லை. "வண்டில கெடந்து வாக்குக் குடுத்தது நானுங்க சாமி. அதைக் கேட்டு என்ற உசுரத் திருப்பிக் குடுத்தது ஆத்தா. எங்க ரெண்டு பேத்துக்கும் நடுவுல பூ எதுக்குங்க? ஆஸ்பத்திரியில கத்தி புடிச்ச கைக்குத் தொணை நின்னதும் அவதானுங்க. அவளுக்குத் தெரியாத அறுப்பா?"

பண்டாரம் தலையைச் சொறிந்தார். "அதுஞ் சரிதான் அம்முணி. எனக்கென்ன, உங்கூட்டு ஆளுக சரின்னா சரி."

கண்ணம்மாள் சரி என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் உடைந்து அழுதாள். "உன்னைய ஒருக்கா மடில போட்டுட்டுப் போனது போதாதா? முடிச்சு அவுந்து நீ போயிட்டீன்னா நான் என்ன பண்ணுவன்?" என்றாள். மாரக்காளுக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்துபோனது. ஆனால் பூவோடு எடுக்கிற எண்ணம் கரையவில்லை.

மாவிளக்குக்கு முந்தின நாள் குமாரசாமி வீட்டுப் பாவு. நோம்பிக்குத் தறி நின்றுவிடும், அதற்குள் தோய்த்துவிட வேண்டும் என்று அவசரம். ஏழு பிள்ளைகளுக்கும் அடுத்த மாசச் சோறு அந்தப் பாவில்தான் இருந்தது. வீதி நீளத்துக்குப் பாவு விரிந்து, கஞ்சி குடித்துப் பாதி காய்ந்திருந்தது. மாரக்காளுக்குக் கொடுத்த வேலை, முளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சிப் பானையை நாய் நக்காமல் பார்த்துக்கொள்வது. அவ்வளவுதான்.

எங்கிருந்து வந்தது அந்தக் காற்று என்று யாருக்கும் தெரியவில்லை. நொய்யல் பக்கமிருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்தது. பின்னாலேயே கோடை மழை இருட்டிக்கொண்டு வந்தது. பாவு முழுக்கக் கப்பல் பாய் போல உப்பி எழும்பியது. "புடிங்க, புடிங்க!" என்று குமாரசாமி கத்தும்போதே இந்த முனை முளை மண்ணோடு பிடுங்கிக்கொண்டது. கயிறு பாம்பாக மண்ணில் ஓடியது.

மாரக்காள் பாய்ந்தாள். கயிற்றின் நுனி கையை விட்டுப் போவதற்குள் பிடித்து, இடுப்பைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி, குதிகாலை மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தாள். பாவு அவளை முன்னால் இழுத்தது. அவள் பாவைப் பின்னால் இழுத்தாள். ஈர நூல் மண்ணைத் தொட இன்னும் ஒரு சாண் இருக்கும்போது மறுபடி எழுந்து நின்றது.

"உடு தாயி! உடு! முடிச்சு அவுந்துரும்!" என்று தலையிலடித்துக்கொண்டு ஓடிவந்தாள் கண்ணம்மாள்.

"அவுந்தா அவுரட்டும்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள் மாரக்காள். "பாவு மண்ணுல உளுந்தா உங்கூட்டுல ஏழும் எதத் திங்கும்? அழுவறத உட்டுட்டு வந்து கயித்தப் புடிங்க!"

கண்ணம்மாள் பிடித்தாள். மருதாள் பிடித்தாள். ஆண்கள் அந்த முனையிலிருந்து ஓடோடிப் பாவைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். கடைசிச் சுற்றைச் சுருட்டிக் குமாரசாமி வீட்டுக்குள் தூக்கிப் போட்டதும் மழை கொட்டியது. ஓர் இழைகூடக் கெடவில்லை.

எல்லோரும் தாழ்வாரத்தில் ஒண்டி நின்றார்கள். அத்தனை கண்ணும் மாரக்காளின் வயிற்றில்தான் இருந்தது. அவள் மூச்சு வாங்க நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"என்ன அல்லாரும் என்ற வகுத்தவே பாக்கறீங்கோ? முடிச்சு அவுந்தா டப்புனு சத்தம் கேக்கும்னா?"

முதலில் மருதாள்தான் சிரித்தாள். அப்புறம் தாழ்வாரமே சிரித்தது. கண்ணம்மாள் மட்டும் சிரிக்காமல் கிட்டே வந்து அவள் அடிவயிற்றைக் கையால் அமுத்திப் பார்த்தாள்.

"வலிக்குதா கண்ணு?"

"பசிக்குதுங்க நங்கையா. கஞ்சி வேண்டாம். சோறு போடுங்க."

மறுநாள் மாலை மாரக்காள் மஞ்சள் சீலை கட்டிப் பூவோடு எடுத்தாள். சட்டியை ஏற்றி அவள் கையில் வைத்ததே கண்ணம்மாள்தான். தண்ணீர்க் குடத்தோடு முன்னால் நடந்து, மண் சுடாமல் அவள் பாதத்துக்கு நனைத்துக்கொண்டே போனாள். தாரையும் தப்பட்டையும் காதை அடைத்தன. சட்டியில் தீ ஒரு முழம் நின்று எரிந்தது. மாரக்காள் சட்டியை அசைக்காமல், தோளைத் தாழ்த்தாமல், நிமிர்ந்து நடந்தாள். கண்ணில் நீர் வழிந்தது, முகம் சிரித்தது. வழிநெடுகப் பெண்கள் குலவையிட்டார்கள். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட நடந்த சாமியப்பன், தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரையும் நிறுத்தி, "எங்கூட்டுக்காரிங்க! ஆப்பரேசன் பண்ணுன ஒடம்புங்க! பாருங்க!" என்று அழுதுகொண்டே சொன்னான். கம்பத்தின் மேல் அவள் நெருப்புச் சட்டியை வைத்தபோது பண்டாரம் கேட்காமலேயே வெள்ளைப் பூ எடுத்துக் கொடுத்தார்.

நோம்பி முடிந்து கம்பம் பிடுங்கிய மறுநாள் விடியலில் கண்ணம்மாள் மறுபடியும் குண்டாவோடு வந்து நின்றாள். நல்ல சீலை கட்டியிருந்தாள்.

"இன்னுமா கஞ்சி?" என்று தலையில் கை வைத்தாள் மாரக்காள்.

"இது உனக்கில்ல. எனக்கு." கண்ணம்மாள் கீழே பார்த்துக்கொண்டு பேசினாள். "ஒவ்வொரு பேறுக்கும் நான் செத்துச் செத்துத்தான் பொழைக்கறன் தாயி. வெளில சொல்ல வெக்கம். ரெண்டு மாசம் தள்ளிப்போனாப் போதும், உன்ற வண்டி வைக்கோல்தான் கண்ணுல நிக்குது. எங்கூட்டு அவியகிட்ட சொல்லிட்டேன். கையெழுத்துப் போட வாரேன்னுட்டாரு. பாவக் காப்பாத்துனவ பண்ணுனதத் தப்புன்னு சொல்ல முடியுமான்னு கேக்கறாரு. அதான், முடிச்சுப் போடறதுக்கு முன்னாலயே கஞ்சி குடிச்சுட்டுப் போனா நல்லாப் புடிக்குமல்ல?"

மாரக்காள் அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு குண்டாவைப் பிடுங்கி அந்தக் கஞ்சியைத் தானே குடித்துத் தீர்த்தாள். "வெறும் வகுத்தோடதான் போகோணும் நங்கையா," என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் மருதாளும் நின்றிருந்தாள். கையில் துணிப் பை. "நான் சும்மா வேடிக்கை பாக்கத்தான் வாரேன்," என்றாள். பைக்குள் மாற்றுச் சீலை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அதே நர்ஸம்மாதான் இருந்தாள். கண்ணம்மாளைப் படுக்கவைத்து, பயமாக இருக்கிறதா என்று கேட்டாள். கண்ணம்மாள் ஒரு கையால் மாரக்காளின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"பயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றாள். "ரெட்ட முடிச்சாப் போட்டுருங்கம்மா. நான் பாவு இழுக்கறவ."